பதினோரு நாள் முந்திய நட்சத்திரம்

அந்த நட்சத்திரத்தை ஏற்றியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வரிசையில் பதினாறு வீடுகள், பதினாறுக்கும் இது தெரியும். இனிமேல் மறைத்து எந்தப் பிரயோசனமும் இல்லை.

பக்கத்து வீட்டு இராஜம்மாவின் வாசல் முகட்டில் தொங்கவேண்டிய நட்சத்திரம் அது. அலுமினியச் சட்டத்தில் சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணாடித்தாள் ஒட்டி, நடுவில் ஒரு பல்பு. பத்தொன்பது வருடமாக டிசம்பர் பாதியில் ஏணி போட்டு அதை மாட்டுவது என் வேலை. அவள் கணவன் சூசைநாதன் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு கப்பலிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்குவான். ஆனால் ஆறடி ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் ஏறமாட்டான்.

"அங்க கதவு இருக்கு, சீட்டு இருக்கு, பெல்ட்டு இருக்கு கிராணியாரே," என்பான். "இங்க என்ன இருக்கு? ஏணியப் புடிச்சுக்கிட்டு நீங்க நிக்கிறீங்க. அதான் பயம்."

அதனால் அவன் பிடிப்பான், நான் ஏறுவேன். நீர்வடிகால் இலாகாவில் முப்பத்து நான்கு வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, குப்பை கொட்டியவன் நான், பெயர் கமலநாதன். ஓய்வு பெற்றும் சூசைக்கு நான் கிராணியார்தான்.

சென்ற வருடம் டிசம்பர் இருபத்தேழாம் தேதி மத்தியானம் சூசை இறந்துபோனான்.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு நட்சத்திரம் ஏறாது. எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள். கிறிஸ்மஸ் பாட்டுப் பாடி வீடு வீடாக வருகிற கேரல் கூட்டமும் அந்த வாசலில் பாட்டை நிறுத்திக்கொண்டு தாண்டிப் போகும். எங்களுக்கும் தீபாவளிக்கு இதே முறைதான். ஆகவே சட்டம் தெரியாமல் நான் தவறு செய்யவில்லை. கணக்கில்தான் தவறு செய்தேன்.

எங்கள் வீட்டில் வருடத்தைத் திதியில்தான் எண்ணுவோம். பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். சூசை போனது மார்கழிப் பௌர்ணமிக்கு மறுநாள், பிரதமை. இந்த வருடம் அதே பிரதமை டிசம்பர் பதினாறிலேயே வந்துவிட்டது. பதினோரு நாள் முன்னதாக. திவசம் முடிந்தால் துக்கமும் முடிந்தது. இனி நட்சத்திரம் ஏறலாம். நீ எந்த மதம் என்று பஞ்சாங்கம் சூசையைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இராஜம்மா வாரநாள்களில் சாலாக் செலாத்தானில் மகள் ரெஜினா வீட்டில் இருப்பாள், பேத்தியைப் பார்த்துக்கொள்ள. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குத் திரும்புவாள். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற வீட்டுச் சாவி எங்களிடம் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை அவள் வீட்டுச் சாமான் அறையிலிருந்து நட்சத்திரத்தை எடுத்து, தூசு தட்டி, என் வீட்டு பிளக்கிலிருந்து மதிலுக்கு மேல் ஒயர் இழுத்து மாட்டினேன். ஏணியைப் பிடித்தது என் மனைவி பூமணி. எங்கள் வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ், வாசலைத் தாண்டினால் கிள்ளான் தமிழ். பூமணி இரண்டையும் நன்றாகப் பேசுவாள். என்னைத் திட்டுவதற்கு முன்னதைத்தான் எடுப்பாள்.

"இராஜம்மாவைக் கேட்டனீங்களோ?"

"கேட்டால் அது சர்ப்ரைஸ் இல்லையே."

"உங்கட சர்ப்ரைஸ் ஒண்டாவது நல்லா முடிஞ்சிருக்கோ? இல்லை, ஒண்டைச் சொல்லுங்கோ பாப்பம்."

நான் மேலே இருந்ததால் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குக் கேரல் கூட்டம் எங்கள் தெருவுக்குள் வந்தது. முன்னால் ஒரு லோரி, அதில் ஸ்பீக்கர். பின்னால் மேளமும் கஞ்சிராவுமாகப் பெரிய கூட்டம். நடுவில் சிவப்பு உடையும் பிளாஸ்டிக் முகமூடியுமாகக் கிறிஸ்மஸ் தாத்தா. தலைவன் லோகன், தேவாலயத்தின் இந்தப் பகுதி அன்பியக் குழுவின் பொறுப்பாளன். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுபவன். எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்கு என்று கைபேசியில் பட்டியல் வைத்திருந்தான். அவன் நட்சத்திரத்தைப் பார்த்தான், பட்டியலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"அங்கிள், இராஜம்மா ஆன்டி வீடு லிஸ்ட்ல இல்லயே லா."

"லிஸ்ட் பெருசா, நட்சத்திரம் பெருசா?" என்றேன்.

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சூசையின் வீடுதான் எப்போதும் சுற்றின் கடைசி வீடு. மீகூன் சேமியாவும் கறிப் பெரட்டலும் போட்டு எல்லோரையும் உட்காரவைக்கும் வீடு. அது திரும்பத் திறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். நான் என்ன செய்தேன் தெரியுமா? சாவியைக் கொண்டுபோய் கேட்டைத் திறந்துவிட்டேன்.

இரண்டாவது பாட்டு நடந்துகொண்டிருந்தபோது வாடகைக் கார் வந்து நின்றது. இராஜம்மா இறங்கினாள். ஒரு கையில் துணிப் பை, ஒரு கையில் குடை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. குடையை விரிக்காமல் தன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். அவள் வாசலில் கிறிஸ்மஸ் தாத்தா ஆடிக்கொண்டிருந்தார். அவள் கால் துடைக்கும் பாய் தாத்தாவின் காலில் மாட்டி அதுவும் ஆடிக்கொண்டிருந்தது.

முதலில் மேளம் நின்றது. பிறகு பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது. கடைசியாகத்தான் தாத்தாவுக்குத் தெரிந்தது. முகமூடிக்குள் பக்கவாட்டில் பார்வை இல்லை. முகமூடியைக் கழற்றினால் உள்ளே தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருத்தி, வேர்வையும் வெட்கமுமாக.

இராஜம்மா யாரையும் திட்டவில்லை. நட்சத்திரத்திலிருந்து ஒயர் போகிற வழியைக் கண்ணாலேயே மதில் வரை தொடர்ந்தாள்; பார்வை என்னிடம் வந்து நின்றது.

"இன்னும் ஏழு நாள் இருக்குண்ணே."

அவ்வளவுதான். கூட்டம் விலகி வழிவிட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லோகன் மேளத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினான். நான் என் வீட்டுக்குள் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

மறுநாள் காலை மதிலோரம் வந்து நின்றாள்.

"அத எறக்கிருங்கண்ணே."

"எறக்கிடறேன் இராஜம்மா. திதிய வச்சு எண்ணிட்டேன். தப்புதான். அடுத்த வருஷம்..."

"அடுத்த வருஷமும் வேணாம். எப்பவும் வேணாம். குப்ப லோரி திங்கக்கெழம வரும், போட்டுருங்க."

"எம்மேல கோவமா?"

"மழ வரப் போவுது. அக்காவோட துணி கொடியில கெடக்கு பாருங்க."

இந்த ஊரில் நேரான பதில் கிடைப்பது கஷ்டம். எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் 'ஆன் தெ வே' என்பான், இன்னும் குளித்திருக்கமாட்டான். நானும் அந்த ரகம்தான். முப்பத்து நான்கு வருடம் கவுண்டரில் உட்கார்ந்து 'அடுத்த வாரம் வந்து பாருங்க' என்று சொல்லியே பென்ஷன் வாங்கியவன். இராஜம்மாவிடம் 'சரி' என்றேன். என் அகராதியில் 'சரி' என்றால் கோப்பு வேறொரு அலமாரிக்குப் போகும் என்று அர்த்தம். நட்சத்திரத்தை இறக்கி என் சாமான் அறையில், தீபாவளி விளக்குப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன்.

அவள் ஏன் 'எப்பவும் வேணாம்' என்றாள் என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் பாதி தெரியும். மறுபாதி என்னிடம் இருந்தது.

சென்ற கிறிஸ்மஸ் அன்று அந்த வீட்டுத் திறந்த இல்ல விருந்துக்கு இருநூறு பேராவது வந்திருப்பார்கள். சமையல் எல்லாம் வீட்டின் பின்புறம் கூடாரம் போட்டு. யூனுஸ் குடும்பத்துக்கென்று தனிச் சட்டியில், அவன் சொன்ன கடையில் வாங்கிய கோழி. யூனுஸ் தெருமுனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன். நாள் முழுக்கப் பிறருக்குப் பரிமாறுகிறவன் வருடத்துக்கு ஒருமுறை இங்கே உட்கார்ந்து சாப்பிடுவான். சூசை காலையிலிருந்து ஆட்டுக்கறிப் பெரட்டலைக் கிளறிக்கொண்டிருந்தான். மத்தியானம் இராஜம்மாவிடம், "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு," என்றான். இரண்டு கையிலும் தட்டோடு ஓடிக்கொண்டிருந்தவள், "வந்தவங்க போவட்டும், பாத்துக்கலாம்," என்றாள். இரண்டு நாள் கழித்து இழவு வீட்டில் அவளே இதைச் சொல்லிச் சொல்லி அடித்துக்கொண்டு அழுதாள். அந்த வீட்டில் கிறிஸ்மஸ் செத்தது அப்போதுதான்.

யாருக்கும் தெரியாதது இது. அவளிடம் சொன்ன பிறகு சூசை என்னிடமும் வந்தான். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூன்றாவது கேக் துண்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"கிராணியாரே, நெஞ்சப் புடிக்கிற மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவலாமா?"

"மூணு தட்டுப் பெரட்டல் தின்னா நெஞ்சு புடிக்காம பாட்டா பாடும்? வெறும் காத்து. இஞ்சி டீ குடி."

சிரித்துவிட்டான். அவனைச் சிரிக்கவைப்பதுதான் என் தொழில், பத்தொன்பது வருடமாக. நெஞ்சைத் தடவிக்கொண்டே சிரித்துவிட்டு மறுபடி சட்டியைக் கிளறப் போனான்.

ஒரு வருடமாக இதை யாரோ ஒருவனுடைய கதை மாதிரி மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். யூனுஸ் கடையில் ஒருநாள், "எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன். நெஞ்சு வலின்னு வந்தவன்கிட்ட, போன்னு சொல்லாம வெளையாட்டாப் பேசிட்டான். போன்னு சொல்லியிருந்தா பொழச்சிருப்பானா?" என்றேன்.

"எல்லாம் அவன் நாட்டம்ணே," என்றான் யூனுஸ். "டீ ஆறுது, குடிங்க."

லோகனிடம் கேட்டேன். அவன் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "அங்கிள், நீங்க செக்-அப் போயி எத்தன வருஷம் ஆச்சு?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து பத்து மணியிலிருந்து தட்டுகள் வர ஆரம்பித்தன.

துக்க வீட்டில் போய் ஆடிவிட்டோமே என்று கேரல் கூட்டத்துக்கு மனசு கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க ஒவ்வொருவராக வந்தார்கள். கேட்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகலாமா? துக்க வீட்டில் பலகாரம் சுடத்தான் கூடாது. பிறர் கொண்டுபோய்க் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். முதலில் வந்தது கிறிஸ்மஸ் தாத்தா, அதாவது ஆசிரியை, பழக்கேக்கோடு. பிறகு மேளக்காரி நெய் உருண்டையோடு. லோகன் மனைவியோடும் சோமாசியோடும். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு. திங்களும் செவ்வாயும் ரெஜினா விடுப்பு எடுத்திருந்ததால் இராஜம்மா கிள்ளானிலேயே இருந்தாள். அவள் இருக்கிறாள் என்று தெரிந்து மிச்சம் பேரும் வந்தார்கள். யூனுஸ்கூட ஒரு பெரிய தட்டு நிறைய மீ கோரெங் நூடுல்ஸ் எடுத்துக்கொண்டு வந்தான்.

"நீங்க பாட வரலியே யூனுஸ்," என்றாள் இராஜம்மா.

"கடையில உக்காந்து பாட்டக் கேட்டுக்கிட்டே இருந்தேன்க்கா. நிறுத்துங்கன்னு ஓடி வந்திருக்கணும்ல. அதுக்குத்தான்."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மதிலோரம் வந்தாள். முகத்தில் நாலு நாளாகக் காணாத ஒன்று இருந்தது. கோபம். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

"உங்களால எங்க வீட்டுல முப்பத்தொரு தட்டுண்ணே. சாப்பாட்டு மேச மேல எடமில்ல. கட்டில் மேல அடுக்கி வச்சிருக்கேன்."

எங்கள் வரிசையில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. சீனர், மலாய்க்காரர், தமிழர் யாராக இருந்தாலும் சரி, பண்டிகைக்கு வந்த தட்டு வெறுமையாகத் திரும்பாது. துக்க வீடு என்றால் ஒரு கரண்டி சீனி போட்டுக் கொடுத்தால் போதும்.

"ரெண்டு கிலோ சீனி வாங்கிட்டு வரவா?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மதில் மேல் ஊர்ந்த எறும்பைப் பார்த்தாள். "தட்டுல சீனி போட்டுத் திருப்புனா அவருக்குப் புடிக்காது," என்றாள். "முறுக்கோடதான் போவணும்பாரு."

அது உண்மை. வரும் தட்டுகளுக்கெல்லாம் பதில் அனுப்பும் இலாகா சூசையிடம் இருந்தது. அச்சு முறுக்கு அவனே சுடுவான். கப்பல் பெட்டியை இறக்குகிற மாதிரி அச்சை மாவுக்குள் இறக்குவான், ஏற்றுவான், எண்ணெய்க்கு மேல் ஒரு கணம் நிறுத்துவான். பார்க்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

கிறிஸ்மஸ் அன்று காலை இராஜம்மா வெள்ளைச் சேலையில் பூசைக்குப் போய்விட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். தெருவில் கிறிஸ்மஸ் கொண்டாடும் வீடுகளில் அந்த ஒரு வாசலில்தான் நட்சத்திரம் இல்லை. துக்க வீட்டுக்குப் பக்கத்து வீடு சாப்பாடு கொடுக்கவேண்டும் என்று பூமணி இடியப்பமும் சொதியும் செய்து என் கையில் கொடுத்தாள்.

"நீயும் வா."

"நான் வரேல்லை. நீங்கள் ஏத்தின நட்சத்திரம். நீங்களே போய்க் கதையுங்கோ."

சமையலறை மேசையில் தட்டுகளுக்கு நடுவே எனக்கு ஒரு சாண் இடம் கிடைத்தது. இராஜம்மா எனக்கு முதுகு காட்டிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஏதாவது வேடிக்கையாகத் தொடங்கலாம் என்று வாயைத் திறந்தேன். வேடிக்கை எதுவும் வரவில்லை. ஓய்வு பெற்றதற்குப் பிறகு எனக்கு இப்படி நடந்தது அதுவே முதல்முறை.

"இராஜம்மா, அன்னைக்குச் சூசை உங்கிட்ட மட்டும் சொல்லல. எங்கிட்டயும் சொன்னான்."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவலாமான்னு கேட்டான். நான் காத்துன்னு சொன்னேன். இஞ்சி டீ குடின்னு சொன்னேன். சிரிச்சிட்டுப் போயிட்டான். இழவு வீட்டுல நீ அழறப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். அப்ப சொல்லியிருக்கணும். சொல்லல."

அவள் குழாயை மூடினாள். திரும்பவில்லை.

"நான் போன்னு சொல்லியிருந்தா, போயிருப்பானா?"

கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சொதில உப்புக் கம்மின்னு அக்காகிட்ட சொல்லுங்கண்ணே," என்றாள்.

பூமணியின் தட்டைக் கழுவித் துடைத்து, ஒரு கரண்டி சீனி போட்டுக் கொடுத்தாள்.

நான் தட்டோடு வீட்டுக்கு வந்தேன். பூமணி சீனியைப் பார்த்தாள். உப்பைப் பற்றிச் சொன்னேன். "உப்பு அளவாத்தானே போட்டனான்," என்றாள். பிறகு மிச்சத்தையும் சொன்னேன், காற்று, இஞ்சி டீ எல்லாம். என் எதிரில் உட்கார்ந்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வருஷமா என்னட்டயும் சொல்லேல்லை," என்றாள். அந்தச் சீனியை எடுத்து இரண்டு பேருக்கும் தேநீர் போட்டாள்.

வியாழக்கிழமை முழுவதும் மழை. வாசல் லோங்காங் என்கிற சாக்கடை நிரம்பித் தண்ணீர் சாலைக்கு ஏறியது. இராஜம்மா வெளியே வரவில்லை. பத்தொன்பது வருடத்துப் பக்கத்து வீட்டையும் வாயைத் திறந்து கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். மத்தியானம் அவள் வீட்டுப் பின்புறத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. இரும்பை எதிலோ தேய்க்கும் சத்தம். தேய்ப்பதும் நிறுத்துவதும் மறுபடி தேய்ப்பதுமாக வெகுநேரம் கேட்டது. பூமணி காது கொடுத்துக் கேட்டாள். கடைக்குப் போய் பச்சரிசி மாவும் நான்கு தேங்காயும் வாங்கி வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சூசையின் வருஷப் பூசை. முடிந்து கல்லறைக்குப் போனோம். ரெஜினா குடை பிடிக்க, இராஜம்மா மெழுகுவர்த்தி ஏற்றினாள்; காற்று அணைத்தது, மறுபடி ஏற்றினாள். நான்காவது தடவை சுடர் நின்றது. கைக்குட்டையால் கல்லில் இருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, ஒங்களுக்குத் தேங்கா திருவ வருமா?"

"பூமணியக் கேளு, வராதுன்னுதான் சொல்லுவா."

"வரலன்னாலும் பரவால்ல. வாங்க."

அவள் வீட்டின் பின்புறத்தில், போன வருடம் கூடாரம் போட்ட அதே இடத்தில், காஸ் அடுப்பு. தேய்த்துப் பளபளவென்று அச்சு. தேங்காயோடு சேர்த்து என் விரலையும் கொஞ்சம் திருவினேன். பூமணி பாலைப் பிழிந்தாள். அரிசி மாவு, முட்டை, சீனி, தேங்காய்ப்பால், எள்ளு. மாவு கரண்டியிலிருந்து நூலாக இறங்கவேண்டும் என்றாள் இராஜம்மா. இறங்கும்வரை என்னைக் கலக்கவிட்டாள். அச்சைக் கொதிக்கிற எண்ணெயில் நன்றாகச் சூடாக்கி, மாவில் முக்கி, மறுபடி எண்ணெயில். இலேசாக உதறினால் பூ கழன்று மிதக்கும். சத்தே இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சியால் திருப்பி எடுக்கவேண்டும்.

நான் முக்கிய முதல் அச்சு கழலவே இல்லை. கருகிப்போய்க் குச்சியால் சுரண்ட வேண்டியதாயிற்று.

"முழுசா முக்கக் கூடாதுண்ணே. முக்காவாசிதான். மேல மாவு மூடிக்கிச்சுன்னா எங்குட்டு வெளிய வரும்?"

"சூசை இதெல்லாம் எனக்குச் சொல்லித் தரல."

"நீங்க திங்கறதுக்குத்தான வருவீங்க."

பூமணி சத்தம் போட்டுச் சிரித்தாள். இராஜம்மாவும் சிரித்தாள், வாயை மூடிக்கொண்டு, அடுப்பைப் பார்த்துக்கொண்டு. ஒன்றை எடுத்தாள், அடுத்ததை முக்கினாள். எண்ணெய்ச் சத்தத்துக்கு நடுவில் பேச ஆரம்பித்தாள்.

"எங்கிட்ட மட்டும்தான் சொன்னாருன்னு நெனச்சிருந்தேன். ஒரு வருஷமா. ஒங்ககிட்டயும் சொன்னாரா."

"சொன்னான்."

"சிரிச்சாரா?"

"சிரிச்சான்."

"எங்கிட்ட சிரிக்கல," என்றாள். இன்னும் இரண்டு முறுக்கை எடுத்து வைத்தாள். "சிரிச்சாரில்ல. சரி."

அது எனக்கு விடையில்லை. அவளுக்கு ஏதோ ஒன்றுக்கு விடையாக இருந்திருக்கவேண்டும். அதற்குப் பிறகு அவள் கை வேகமாக ஓடியது. சாயங்காலத்துக்குள் மூன்று பிஸ்கட் டின் நிரம்பியது. முப்பத்தொரு தட்டுக்கும் ஆறு ஆறு. உடைந்ததெல்லாம் எனக்கு.

"வருஷம் இன்னியோட முடிஞ்சிருச்சு," என்றாள் அடுப்பை அணைத்துவிட்டு. "திருநாள் முடியல. மூணு ராசாக்கள் திருநாள் வரைக்கும் இருக்கு. அந்த லோகன நாளைக்கு வரச் சொல்லுங்க. தட்டுக்காரங்க எல்லாரும் வரணும், அவங்கவங்க தட்ட அவங்கவங்க வாங்கிட்டுப் போவட்டும். லிஸ்ட்ல கடைசி வீடுன்னு எழுதிக்கச் சொல்லுங்க. மொதல்ல எழுதட்டும், அப்புறம் வரட்டும்."

"சொல்றேன்."

"அந்த நட்சத்திரத்தக் குப்ப லோரி எடுத்துட்டுப் போயிருச்சா?"

"அந்த லோரிக்காரனுக்கு ஞாபக மறதி ஜாஸ்தி."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். இலாகாவில் பெரிய அதிகாரிகள்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு மழை விட்டது. சாலை ஈரமாகப் பளபளத்தது. யூனுஸ் கடை ஆள் மீகூன் அண்டாவை இறக்கி வைத்துவிட்டுப் போனான். பெரட்டல் வாசனை தெருமுனை வரைக்கும் போயிருக்கும். எதிர் வீட்டுச் சீனக் கிழவர் இரண்டு முறை காரணமில்லாமல் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். நான் நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பூமணி உள்ளே தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏணியை விரித்து நிறுத்தினேன். பிடிக்க ஆளில்லை.

இராஜம்மா வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் ஏறினேன். அறுபத்தாறு வயதில் ஆறடி ஏணியின் ஐந்தாவது படி என்பது போர்ட் கிள்ளான் கிரேனுக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஏணி ஒருமுறை ஆடியது, உடனே நின்றது. கொக்கியில் சட்டத்தை மாட்டினேன். பல்பைக் கையில் எடுத்தேன். தெருமுனையில் லோரி திரும்பும் சத்தமும் அதற்குப் பின்னால் மேளமும் கேட்டது.

மேலே இருப்பதில் ஒரு வசதி. முகம் பார்க்க வேண்டியதில்லை.

"இராஜம்மா."

"ம்."

"நான் அன்னைக்குப் போன்னு சொல்லியிருந்தா சூசை போயிருப்பானா?"

மழை வருகிறது என்பாள் என்று காத்திருந்தேன், அல்லது பெரட்டலில் உப்பு எப்படி என்பாள்.

"போயிருப்பாருண்ணே," என்றாள். "நீங்க சொல்லியிருந்தாப் போயிருப்பாரு. நான் சொல்லியிருந்தாலும் போயிருப்பாரு. ரெண்டு பேருமே சொல்லல. இப்ப பல்ப மாட்டுங்க, ஆளுங்க வந்துட்டாங்க. ஏணிய நான் நல்லாத்தான் புடிச்சிருக்கேன்."